என் அஞ்சலிக்கு நான் போட்ட மைக் செட்

அன்புள்ள சுண்டு,

நீ என்னைக் கொன்றுவிட்டாய். பிரெஞ்சுக்காரர்களின் தேசிய தினத்தன்று, நீ படித்த அதே மொழிப் பள்ளிக்கூடத்தில், கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, நான் போட்ட மைக் செட்டிலேயே அதை அறிவித்தும்விட்டாய். மற்றபடி இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகம்தானே? கால் வீக்கம் வடிந்ததா? காலுக்குத் தலையணை வைத்துப் படுக்கச் சொன்னாள் அம்மா. எத்தனையோ தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை, மீட்டிங் என்று ஒற்றைச் சொல் அனுப்பினாய். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனில் பேசக்கூடிய விஷயமும் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன், பயப்படாதே. மாப்பிள்ளைக்கு ஒரு எழுத்துகூடத் தமிழ் சொல்லிக்கொடுக்காமல் விட்டாயே, அது இப்போது உனக்கு வசதி.

நான் அங்கே இருப்பேன் என்று உனக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியும். சில வருஷமாகவே அவர்கள் என்னைக் கூப்பிடுவதில்லை, கறுப்பு டீ-ஷர்ட் போட்ட ஒரு பெரிய கம்பெனி வந்து ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்கிவிட்டுப் போகும். இந்த வருஷம் அந்தக் கம்பெனி கடைசி நேரத்தில் வேறொரு கல்யாணத்துக்குப் போய்விட்டது, காலையில் பள்ளிக்கூட வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டு, "யோவ் மைக்கு, உன் பெட்டியெல்லாம் இன்னும் உயிரோட இருக்கா, தூக்கிட்டு ஓடி வா" என்றான். போனேன். உன் அம்மா முன்பு லைனிங் துணியில் தைத்துக் கொடுத்த நீலம் வெள்ளை சிவப்புத் தோரணம் இன்னும் அங்கே இருக்கிறது, வெள்ளை மட்டும் பழுப்பேறிவிட்டது, நான்தான் ஏணி போட்டுக் கட்டினேன். பழைய ஆட்கள் யாரும் இல்லை. எல்லாம் புது முகம். மேடைக்குப் பின்னால் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று அவர்கள் பாஷையில் எழுதிய பலகை, அதற்குக் கீழே விருந்து மேசை, நீள ரொட்டி, பாலாடைக் கட்டி, திராட்சை, பழம் வைத்துச் சுட்ட பண்டம் எல்லாம் பீங்கான் தட்டில். எனக்கும் வாட்ச்மேனுக்கும் பின்வாசலில், காகிதத் தட்டில். அதையும் எல்லாரும் தின்று முடித்த பிறகுதான் கொடுத்தார்கள். சமத்துவத்துக்கு அர்த்தம் அந்த ஊரில் என்னவோ, இங்கே அது சுவரில் மாட்டுகிற சாமான்.

திரையில் நீ வந்தாய். யார் பேசப்போகிறார்கள் என்றே எனக்குத் தெரியாது, பழைய மாணவி ஒருவர் பிரான்சிலிருந்து பேசுவார் என்று மட்டும் சொன்னார்கள். உன் முகத்தைப் பார்த்ததும் மிக்ஸரில் எந்தக் குமிழைத் திருகுகிறேன் என்றே தெரியவில்லை. உன் குரல் முதலில் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி வந்தது, பேஸைக் குறைத்தேன், உனக்கு 'ச' கொஞ்சம் சீறும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அதனால் டிரெபிளையும் ஒரு இழை இறக்கினேன். கடைசி வரிசைக் கிழவருக்கும் ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர்ந்தது. இவ்வளவு சுத்தமாக நான் எந்த மந்திரிக்கும் மைக் போட்டதில்லை. நீ பேசியது அவர்கள் பாஷை, எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் நீ பேசப் பேச முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்தாள், நான் வாட்ச்மேனை இடித்து, "பார்த்தியா, எம்பொண்ணு அழவைக்கிறா" என்றேன். நீ முடித்ததும் பள்ளிக்கூட டைரக்டர் மேடையேறி அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். அந்த நாட்டுப் புரட்சியில் செத்தவர்களுக்காக இருக்கும் என்று நினைத்தேன். மௌனத்தின் நடுவில் மைக் கத்திவிடக் கூடாது என்று எல்லாச் சேனலையும் இறக்கிவிட்டு, தலையைக் குனிந்து, கையைக் கட்டி நின்றேன். ஒரு சின்ன இரைச்சல் இல்லை, சுண்டு. எனக்கு நானே செலுத்திய அஞ்சலியை அவ்வளவு நேர்த்தியாகச் செய்தேன்.

அதன் பிறகு வாட்ச்மேனுக்கு வாய் நிற்கவில்லை. கண்ணாடி போட்ட டீச்சரிடம் போய், "மேடம், ஸ்கிரீன்ல பேசினாங்களே, அவங்க நம்ம மைக்கோட பொண்ணுதான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டான். அந்த டீச்சர் முதலில் சிரித்தார், பிறகு முகம் செத்துவிட்டது. "அவங்க அப்பா வயலின் வாசிக்கிறவராச்சே. அவங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போதே தவறிட்டாராமே. இப்பதானே அவருக்காக எல்லாரும் எழுந்து நின்னோம்" என்றார். சாயங்காலமானால் உன் அப்பா பிரெஞ்சுப் பாட்டை வயலினில் வாசிப்பாராம், அந்தப் பாட்டின் அர்த்தம் தெரிய வேண்டும் என்றுதான் நீ மொழி படித்தாயாம். எனக்கு வயலின் வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி. செத்த பிறகாவது கையில் ஒரு வாத்தியம் வந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் பெரியப்பாங்க, அவருக்கு அண்ணன்" என்றேன். பெற்ற பெண்ணைப் பொய்க்காரி என்று அத்தனை பேர் முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. டைரக்டர் ஓடி வந்து என் கையைப் பிடித்து, "உங்க தம்பி வாசிச்ச ரெக்கார்டிங் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "அவன் எதையும் விட்டுட்டுப் போகலீங்க, இந்தப் பொண்ணு ஒண்ணுதான்" என்றேன். வயர் சுற்றும்போது வாட்ச்மேன், "செத்தவனுக்கு மைக் போட்டவனைப் பார்த்திருக்கேன், செத்தவனே வந்து மைக் போட்டு இப்பதான்யா பார்க்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தான், நானும் சிரித்தேன், பிறகு அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு பாக்ஸின் மறுபக்கத்தைத் தூக்கினான்.

உண்மையில் நீ அந்தப் பாட்டை எங்கே கேட்டாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? இதே கூடத்தில், என் மேசைக்கு அடியில் உட்கார்ந்து. பாக்ஸ் சரியாகப் பாடுகிறதா என்று பார்க்க அவர்கள் கொடுத்த, அக்கார்டியன் வாத்தியத்தோடு பாடுகிற கேசட்டைப் போடுவேன், நீ ரொட்டியின் கடைசித் துண்டைக் கடித்துக்கொண்டு கேட்பாய். மைக்கைக் கண்டால் விரலால் சுண்டுவாய், அதனால்தானே உனக்கு இந்தப் பெயர். "என்னப்பா சொல்றாங்க?" என்று கேட்டாய், "அப்பாவுக்குத் தெரியாதும்மா, நீ படிச்சுச் சொல்லு" என்றேன். படித்தாய். சொல்லியும்விட்டாய். மைக் செட்காரன் மகள் என்று சொன்னால் அங்கே ரொட்டி தொண்டையில் இறங்காதா? அந்த ஜனங்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்கள் உன்னைக் கேட்கவே இல்லை, நீயாகத்தான் பயந்திருக்கிறாய். மேடையில் நிற்பவர்களுக்கு மைக் போட்டவன் எப்போதும் இல்லாதவன்தான், மைக் விசிலடித்தால் மட்டும்தான் எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அது எனக்குப் பழக்கம். ஆனால் நீ மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவள்.

இப்போதுதான் எனக்கு எல்லாம் புரிகிறது. கல்யாணத்தை நாங்கள் வராமலே அங்கே முடித்துக்கொண்டாய். பிரசவத்துக்கு அம்மா மட்டும் வரட்டும், அப்பாவுக்குக் குளிர் ஒத்துக்காது என்று எழுதினாயே. குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளும். மாப்பிள்ளை வீட்டிலும் நான் செத்தவன், செத்தவனுக்கு விசா கிடைக்காது, அதுதான் சங்கதி. சரி, நான் வரவில்லை, விடு. உன் அம்மாவை நினைத்தாயா? அவளைப் பற்றி நீ எதுவும் பேசவில்லை என்று டீச்சர் சொன்னார். அவள் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை, குழந்தைக்குச் சட்டை, தொப்பி, போர்வை என்று பெட்டி நிரம்பிவிட்டது. அவள் அங்கே இறங்கியதும் மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்து, புருஷன் போனதற்கு வருத்தம் சொல்லப்போகிறாள். இவளுக்கு அந்தப் பாஷை தெரியாது, தலையாட்டிச் சிரிப்பாள். புருஷன் இருக்கும்போதே அவளை விதவையாக்கி, அதற்கு அவளையே சிரிக்கவும் வைக்கப்போகிறாய். அன்று வீட்டுக்குப் போனதும், "எம்பொண்ணு என்ன பேசினா?" என்று கேட்டாள். "எல்லாரும் எழுந்து நின்னாங்க" என்றேன். பொய் இல்லையே. அன்றிலிருந்து தெருவில் துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு பேசினதுக்குக் கூட்டமே எழுந்து நின்னுச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன், அடக்கம் என்று நினைக்கிறார்கள்.

அவள் விமானம் ஏறுவதற்குள் மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடு. எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் சொல். அப்பா உயிரோடு இருக்கிறார், வயலின் வாசிக்க மாட்டார், பாக்ஸ் தூக்குவார் என்று சொல். சொல்லாவிட்டால் அவளிடம் நான் சொல்ல வேண்டியிருக்கும், அதைச் சொல்லிவிட்டு அவளை எப்படி வழியனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. கனமான எதையும் தூக்காதே. மாத்திரையை மறக்காதே. பிரசவம் நல்லபடியாக நடக்கட்டும், தாயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். பிறக்கும் பிள்ளைக்கு நன்றாகக் காது கேட்கட்டும். தாத்தா எங்கே என்று அது ஒரு நாள் கேட்கும், அதற்குள் ஒரு பதிலைத் தயார் செய்துகொள்.

இப்படிக்கு,
உனக்கு நான் என்ன முறை? அதை நீயே எழுதி அனுப்பு.