சாவியிலேயே எடுத்தது, மாப்பிள்ளை

என் அன்பு செல்வம் மாப்பிள்ளைக்கு,

உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. அதையும் சேர்த்தே படி.

போன வாரம் அந்த லாரி திரும்பவும் இங்கே நிக்டியில் நம் மெக்கானிக் கடைக்கு வந்தது. உன்னைக் கொன்ற அதே லாரி. புகாரும் அதேதான்: சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுப்பதில்லை. நீ போனபிறகு பேட்டரியை மாற்றியிருக்கிறார்கள், செல்ஃப் மோட்டாரையே மாற்றியிருக்கிறார்கள். கோளாறு போகவில்லை.

"அரே அண்ணா, டைரக்ட் மாரோ! டைம் நஹி ஹை," என்றார் லாரி முதலாளி. நேரமில்லையாம். மோட்டாரின் இரண்டு முனைகளிலும் ஸ்க்ரூடிரைவரை வைத்து நேராகக் கரண்ட் கொடுத்துக் கிளப்ப வேண்டுமாம். நீ செத்ததே அப்படித்தான் என்று அந்த ஆளுக்குத் தெரியாதா? போன தடவை டைரக்ட் கொடுத்தவன் என் தங்கச்சி புருஷன் என்று ஹிந்தியில் கத்தினேன். அப்புறம்தான் வாயை மூடினார்.

அன்று நீ வருவதற்கு முன்னால் கியரில் போட்டு, இன்னொரு லாரியில் கட்டி இழுத்துக் கிளப்பப் பார்த்திருக்கிறார்கள். கயிறு அறுந்துவிட்டது. கியரை எடுக்காமல், ஹேண்ட்பிரேக் போடாமல், வேறு கயிறு தேடப் போய்விட்டார்கள். நீ மேலே ஏறிப் பார்த்தாயா? சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்தாயா? ஊரில் இருக்கிறவனையெல்லாம் "கட்டை வைடா" என்று திட்டுகிறவன் நீ. அன்றைக்கு மட்டும் உனக்கு என்ன அவசரம்?

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் விதி என்றார்கள். விதியாவது மண்ணாங்கட்டியாவது! வண்டி கியரில் கிடந்தது; அடியில் படுத்து நீ கரண்ட் கொடுத்ததும் நகர்ந்து உன்மேலேயே ஏறிவிட்டது.

இந்தத் தடவை நான் கட்டை வைத்தேன். நியூட்ரல் பார்த்தேன். டைரக்ட் கொடுத்தால் எடுக்கிறது, சாவியில் எடுக்கவில்லை என்றால் மோட்டார் என்ன பாவம் செய்தது? சாவிக்கும் மோட்டாருக்கும் இடையில் இருக்கும் ரிலேயைத்தானே பார்க்க வேண்டும்? அதன் எர்த் கம்பிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மீட்டரை வைத்து, டிரைவரைச் சாவி திருப்பச் சொன்னேன். ஒன்றுமே காட்டக்கூடாத இடத்தில் முழு இருபத்து நான்கு வோல்ட் காட்டியது; எர்த் சேரவே இல்லை.

எர்த் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைப் பெயிண்ட். தசரா பூஜைக்கு வண்டியை அழகு பண்ணியவன், சேஸிஸ் முழுக்க அடித்துவிட்டு அதன் மேலேயே எர்த்தை முறுக்கியிருக்கிறான்; பெயிண்ட் கரண்டை விடுமா? புதுப் பெயிண்டைச் சுரண்ட மனசு வரவில்லை போலிருக்கிறது. வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கத் தெரிந்தது, இது தெரியவில்லை. உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். சாவியிலேயே எடுத்தது.

சாப்பாடு கொண்டுவந்த உன் பெண்டாட்டி கலா கேட்டாள். "என்ன கோளாறுண்ணே?"

காட்டினேன். "இம்புட்டுத்தானா? இதச் சுரண்டியிருந்தா அவரு இருந்திருப்பாராண்ணே?"

நீயே சொல்லேன்.

இனி நம் கடையில் டைரக்ட் கிடையாது. எந்த முதலாளி கத்தினாலும் சரி, வேறு கடைக்குப் போனாலும் சரி. இப்போதெல்லாம் கட்டை வைப்பது கலாதான். ஏறிக் கியரைப் பார்த்துவிட்டு, "போண்ணே" என்று அவள் சொன்னபிறகுதான் நான் வண்டிக்கு அடியில் போகிறேன். அவளுக்குக் கொடுத்த வாக்கு இது. உனக்கும் கொடுக்கிறேன்.

உன்னை இன்னும் மன்னிக்காத மச்சான்,
துரை