வலது மணிக்கட்டில் ஒரு பட்டை

நவ. 4, செவ்வாய்
காலையிலிருந்து மழை. பாகூர் ஏரி நிரம்பிவிடும் என்று பஸ்ஸில் பேச்சு. கம்பெனியில் பேக்கிங் லைன் 2, பார்கோடு ஸ்கேனர் மறுபடி மக்கர். லென்ஸைத் துடைத்தேன், சரியாகிவிட்டது. இதற்கு ஒரு மீட்டிங், மூன்று பேர்.

அப்பாவுக்கு இதய வால்வு ஆபரேஷன் 12ஆம் தேதி. தள்ளிப்போடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்பாவோ பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் இருக்கிறார். ட்ராக்டர் ஓட்டுவதை நிறுத்தியதிலிருந்து புதன்தோறும் பைபிள் ஸ்டடி. பாஸ்டர் ஃப்ளெக்ஸில் சார்ட் அடித்து மாட்டியிருக்கிறார். ஏழு முத்திரை, ஏழு எக்காளம், ஏழு கலசம். எந்த அம்புக்குறி எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது.

நவ. 5, புதன்
நானும் ஸ்டடிக்குப் போனேன். தப்பு.

பாடம்: மிருகத்தின் முத்திரை. வலது கையிலோ நெற்றியிலோ போடுவார்களாம். அது இல்லாதவனுக்குக் கடையில் எதுவும் கிடைக்காதாம், போட்டுக்கொண்டவனுக்கு நரகமாம். பார்கோடு எல்லாவற்றிலும் அந்த மிருகத்தின் எண்ணான 666 இருக்கிறது என்றார் பாஸ்டர். பொறுக்கவில்லை. டீக்கு வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டோடு எழுந்தேன். இரண்டு ஓரத்திலும் நடுவிலும் நீளமான கோடுகள், ஸ்கேனருக்கு எல்லை காட்ட. "பாக்க ஆறு மாதிரி இருக்கும். ஆனா ஆறு கெடையாது" என்றேன்.

முதல் பாதியோடு எல்லாருக்கும் காது மூடிக்கொண்டது.

"மூணு ஆறு! படிச்ச புள்ள வாயாலயே வந்துடுச்சி பாருங்க. அல்லேலூயா சொல்லுங்க!" என்றார் பாஸ்டர்.

சொன்னார்கள். அப்பாவும். என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டே.

நவ. 7, வெள்ளி
மதியம் கம்பெனியில் ரோஸ்லினிடம் சொன்னேன் (க்யூ.சி., வில்லியனூர், கத்தோலிக்கர்). சாப்பாடு புரையேறச் சிரித்தாள்.

"இன்னாபா நீ, அணைக்கப் போயி பெட்ரோல ஊத்திட்டு வந்துக்கிற!"

பிறகு சிரிக்காமல்: "அந்தப் புக்கு ரோமாக்காரன்கிட்ட மாட்டிக்கிணு பயந்து கெடந்தவங்களுக்குத் தைரியம் சொல்ல எழுதனது. உங்க பாஸ்டரு சும்மா இருக்கிறவங்கள பயமுறுத்துறாரு."

வீட்டில் உட்கார்ந்து படித்தேன். அந்தக் காலத்தில் எழுத்துக்கெல்லாம் எண் மதிப்பு. கொடுங்கோல் ராஜாவின் பெயரை எழுதினால் தலை போகும், அதனால் கூட்டி 666 என்று எண்ணாக எழுதினார்கள் என்று ஒரு விளக்கம். என்கோடிங். இதுவாவது புரிகிறது. கடைசி இரண்டு அதிகாரம் முழுக்க ஆறுதல். சார்ட்டில் அந்தப் பகுதியே இல்லை. ஃப்ளெக்ஸில் இடம் பத்தவில்லையாம்.

அப்பாவிடம் சொன்னேன். "அன்னிக்கி கரெக்டா சொன்ன. இப்ப இன்னாத்துக்கு மாத்துற?" என்றார்.

நவ. 11, செவ்வாய்
அட்மிஷன். பட்டை கட்ட நர்ஸ் வந்தாள். பெயர், நம்பர், பார்கோடு. கட்டுவது வலது மணிக்கட்டில். அப்பா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

"வேணாம்மா."

"இது இல்லாம மருந்தே குடுக்க மாட்டாங்க ஐயா."

வேறு எதை வேண்டுமானாலும் அவள் சொல்லியிருக்கலாம். அப்பா என் பக்கம் திரும்பினார். "கேட்டியா?"

இது வேறு வகைக் கோடு, இதில் அந்த மூன்றும் கிடையாது என்றேன். "நீதானடா பிஸ்கட்ல காட்டுன." இடது கையில் கட்டலாம் என்றேன். "யார ஏமாத்தற? என்னையா, ஆண்டவரயா?"

கத்தினேன். வார்டே பார்த்தது. அப்பா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். இரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம். மூச்சு சீராக ஐந்து நிமிடம் ஆனது.

"அத கட்டிக்கிணு உள்ள போயி, அப்படியே செத்துட்டன்னா நான் எங்கடா போவன்? படிச்சவன் நீ, சொல்லு."

ரோமாபுரி, எண் மதிப்பு, எல்லாம் வாய்வரை வந்தது. 

"தெரியலப்பா."

அப்பா பையைக் கீழே வைத்தார். "பாஸ்டருக்கு எல்லாம் தெரியுது. ஒனக்கு ஒண்ணும் தெரியல. நல்லா மாட்டுனன்டா நடுவுல." கையை நீட்டினார். "நீயே கட்டு. மேல கேட்டா, எம்மவன்தான் கட்டுனான்னு சொல்லிடுவன்."

நர்ஸிடம் வாங்கி நானே கட்டினேன். ஒருமுறை அழுத்தினால் திறக்காத பட்டன். வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

நவ. 12, புதன்
7.30 உள்ளே கொண்டுபோனார்கள். நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

11.30. யாரும் வெளியே வரவில்லை.

12.15. பாஸ்டர் போன். எடுக்கவில்லை.

1.40. கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் வந்தாள். "ரெண்டு மூணு எட்டு ஒண்ணு. கூட வந்தவங்க யாரு?" யாரும் எழவில்லை. காத்திருந்த மூன்று குடும்பமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நானே கட்டிய பட்டை, நம்பரைப் படிக்கவில்லை. "பேரச் சொல்லுங்க" என்றேன். லிஸ்ட்டில் நம்பர்தான் இருக்கிறது, பார்த்து வருகிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

1.55. இன்னும் திறக்கவில்லை.