எட்டாவது அடுக்கு

ஜூன் 16, திங்கள்

காலையிலேயே வெயில். பரவை மார்க்கெட் வாசலில் வெங்காய லாரி குறுக்கே. ஆய்வுக்கூடத்துக்குத் தாமதம்.

இந்த வாரம்: 1. கடைசி இரும்புத் தகடு. 2. வாயுக் கசிவு சோதனை. 3. கேபிள். 4. ஆய்வுக் குழுவுக்கு மதியச் சாப்பாடு (சர்ச்சை வந்தால் இதில்தான்).

1, 2 முடிந்தது. பன்னிரண்டு கண்ணாடிப் பெட்டிகள், இடையிடையே இரும்பு. வானத்திலிருந்து ஓயாமல் கொட்டும் மியூவான் துகள் உள்ளே புகுந்தால், திரையில் பெட்டிக்கு ஒரு புள்ளி. துகளை வளைக்கும் காந்தம் இன்னும் போடவில்லை. ஆகவே பன்னிரண்டு புள்ளியும் நேர்கோடு. வெள்ளிக்கிழமை குழு பார்க்க வருவது அந்தக் கோட்டைத்தான். கோடு நேராக வந்தால் இருபது அடுக்குக் கருவிக்கு அனுமதி. வராவிட்டால் மாதக் கடைசியோடு பத்தொன்பது பேருக்கு வேலையில்லை. மேஸ்திரி செல்லப்பாண்டியும் அதில் ஒருவர். நான் இல்லை. ஒருங்கிணைப்பாளர்களை வேறு எதையாவது ஒருங்கிணைக்க அனுப்பிவிடுவார்கள்.

வரும். சந்தேகமில்லை.

ஜூன் 17, செவ்வாய்

காற்று, புழுதி. மின்னணுப் பிரிவு நஸ்ரின் கேபிள் வேலையை முடித்தாள். சரிபார்த்தேன்: பெட்டி 12, கேபிள் 12. கையெழுத்து.

மாலை முதல் துகள். கீழிருந்து ஏழு அடுக்கு வரை நேர்கோடு. எட்டில் ஒரு முழம் தள்ளிப் புள்ளி. ஒன்பதிலிருந்து மறுபடி நேராக, ஆனால் சற்று விலகி. சாய்ந்து வரும் துகள் எல்லாம் இப்படியே. செங்குத்தாக வருபவை மட்டும் ஒழுங்கு.

ஆராய்ச்சி மாணவர் கௌதம் முகத்தில் ஒளி. "மேடம், இதுவரைக்கும் யாருமே பார்க்காததா இருக்குமோ?"

"இருக்கும். நம்ம கேபிளை யாரும் பார்க்கல."

சிரிக்கவில்லை. கட்டுரைக்குத் தலைப்பு வைத்துவிட்டார் போல.

ஜூன் 18, புதன்

எட்டாவது பெட்டியைப் பார்க்க ஏணியில் ஏறினேன். எட்டாவது பெட்டி இல்லை. 7. அதற்கு மேல் 9. உச்சியில் 13.

"அண்ணே, எட்டு எங்க?" கீழிருந்து நஸ்ரின்.

பெட்டிகளுக்குப் பெயின்டில் எண் போட்டவர் செல்லப்பாண்டி. "எட்டு எதுக்குத்தா? சனி நம்பர். இம்புட்டு இரும்பைத் தலைக்கு மேல தூக்குனோம், ஒருத்தன் கால் நசுங்குச்சா?"

"பதிமூணுன்னு ஒரு கேபிள் மிஞ்சுச்சு, கம்ப்யூட்டர் போர்டுல எட்டாம் எடம் காலியா இருந்துச்சு. அதுல சொருகிட்டேன்ணே!"

"சொருகுனது நீயி. பேச்சு எனக்கா?"

ஆக, உச்சிப் பெட்டியின் புள்ளி எட்டில். இடையில் உள்ளவை ஒரு படி மேலே. நான் கேபிள்களை எண்ணினேன், எண்களைப் படிக்கவில்லை. தவறில் மூவருக்கும் பங்கு. கையெழுத்து எனக்கு மட்டும்.

கௌதமிடம் சொன்னேன். இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கேட்டதுபோல் பார்த்தார்.

ஜூன் 19, வியாழன்

மேகம். மழை இல்லை, வழக்கம்போல். கேபிள் மாற்ற அரைமணி நேரம். எண் மாற்றக் காலை முழுவதும். மூடநம்பிக்கை பற்றிச் செல்லப்பாண்டிக்கு ஓர் உரை. நல்ல உரை. பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், உங்க ஸ்கூட்டர் நம்பரைக் கூட்டிப் பார்த்தேன். ஆறு வருது."

"அதுக்கு?"

"மொதல்ல வந்த நம்பர் கூட்டுனா எட்டாம்ல. வேணாம்னு ரெண்டு வாரம் காத்துக் கெடந்தீகளாம். நஸ்ரின் சொல்லுச்சு."

நஸ்ரின் அவசரமாக ஒரு ஸ்க்ரூவைத் தேடினாள்.

"அது எங்கம்மாவுக்காக" என்றேன். (அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இங்கேயாவது உண்மை.)

மேலே நான்கு பெட்டிகளின் எண்களையும் அவரே அழித்து 9, 10, 11, 12 எழுதினார். எட்டை மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். "வேலை போனாலும் சரி மேடம்." நானே ஏறி எழுதினேன். கொஞ்சம் கோணல். இறங்கும்போது இரண்டு பேரை ஏணியைப் பிடிக்கச் சொன்னேன். பாதுகாப்பு விதி.

ஜூன் 20, வெள்ளி

நேர்கோடு. பன்னிரண்டு புள்ளி. குழுத் தலைவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு துகள் துகளாகப் பார்த்தார். இருபது அடுக்குக்கு அனுமதி. யாருக்கும் வேலை போகாது. சாப்பாட்டில் சர்ச்சை: கோலா உருண்டை ஏன் இல்லை?

மாலை கிடங்கில் எட்டிப் பார்த்தேன். செய்தி எனக்கு முன்னே வந்துவிட்டிருக்கிறது. அடுத்த கருவிக்கென்று வந்து கிடந்த காலிப் பெட்டிகள் வரிசையாக, பெயின்ட் ஈரத்தோடு. 1 முதல் 7. அப்புறம் 9 முதல் 20. நடுவில் ஒன்று எண் இல்லாமல். அதன் மேல் பெயின்ட் டப்பா, துடைக்கத் துணி. செல்லப்பாண்டி பிரஷ்ஷை நனைத்தே வைத்திருக்கிறார்.