எண்பத்து நான்காம் பக்கத்து மனிதர்

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். எழுதிய பாடநூல் மறுபதிப்புக்குப் போகிறவளுக்கு என்ன குறை? தொலைபேசியில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பிரதியை முழுக்கப் படித்தேன். முன்னுரையில் தட்டச்சு செய்தவருக்கு நன்றி, அட்டை வரைந்தவருக்கு நன்றி, உன் வீட்டுப் பூனைக்குக்கூட நன்றி. மனப்பழக்கம் எப்படி உண்டாகிறது என்று சாப்பாட்டு மேசையில் கரண்டியைத் தட்டித் தட்டி உனக்கு முதன்முதலில் விளங்கவைத்த அண்ணன் மட்டும் நினைவுக்கு வரவில்லை. போகட்டும். என்னிடம் உளவியல் படித்தவனையே எனக்குத் துறைத் தலைவனாக்கி உட்காரவைத்தபோதும் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

போகவிட முடியாதது எண்பத்து நான்காம் பக்கம். யாரும் சொல்லாமலே எல்லோரும் கடைப்பிடிக்கும் சமூக நெறிகளுக்கு எடுத்துக்காட்டாக ஒரு வீட்டை வர்ணிக்கிறாய். மாலையில் வாசற்கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் பாட்டு தணிகிறது. பிள்ளைகள் அவரவர் மூலைக்குப் போகிறார்கள். ஏதாவது கேட்டால், பதில் சொல்லும் முன் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறார்கள். உள்ளே வருகிறவர், "என்ன, எல்லாரும் ஊமையாயிட்டீங்களா?" என்கிறார். கடைசி வரி: ‘அந்த மனிதர் தன் வீடு அமைதியான வீடு என்று நம்புகிறார்.’

பெயர் போடாவிட்டால் எனக்குப் புரியாது என்று நினைத்தாயா? என் வீட்டில் தணிவது பாட்டு அல்ல, தொலைக்காட்சி. அதை மாத்திரம் மாற்றிவிட்டாய், கெட்டிக்காரி. ஆனால் அந்தக் கேள்வி தினமும் என் வாயிலிருந்து வருவது, ஒரு சொல் பிசகாமல். நீ என் வீட்டுப் படியேறிப் பல வருடம் ஆகிறது. ஆக, உளவு சொன்னது யார் என்று கண்டுபிடிக்க முனைவர் பட்டம் தேவையில்லை. என் மகள் வாராவாரம் உன்னிடம் பேசுகிறாள்.

அதனால் இரண்டு முடிவுகள். மறுபதிப்பில் அந்தப் பகுதி இருக்கக் கூடாது. ஜூன் மாதம் உன் வீட்டில் தங்கி உன் கல்லூரியில் சேர்வதாக இருந்தவள் இனி வரமாட்டாள். இங்கேயே ஏதாவது படிக்கட்டும். அவளிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே ஒருமுறை படித்தேன், பிறகு உட்கார்ந்து ஒருமுறை. பூனைக்கு நன்றி சொல்லிவிட்டு உன்னை விட்டது தப்புதான். காதைத் திருகு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பது நீ இல்லை. அப்பா.

உன் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ கூப்பிட்டால்தானே நான் வர? உன் மகள் என்னிடம் பேசுவதெல்லாம் பரீட்சை, தோழிகளோடு சண்டை, என் பூனை. உன்னைப் பற்றிக் கேட்டால், "அப்பா நல்லா இருக்காரு அத்தை" என்பாள். அதோடு சரி.

அது நம் வீட்டு வானொலி, அண்ணா. அப்பா வரும் சத்தம் கேட்டதும் அதன் குமிழைத் திருகியது நீ, எனக்கு எட்டாது. அந்தக் கேள்வியும் அவருடையதுதான். வீட்டுக்குப் பின்னால் நீ அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, மூக்கை விடைத்து, "என்ன, எல்லாரும் ஊமையாயிட்டீங்களா?" என்று நடித்துக் காட்டுவாய். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மறந்துபோச்சா?

நீ படித்ததும் சிரிப்பாய் என்று நினைத்தேன். சத்தியமாக. முதல் பிரதியை உனக்கு அனுப்பியதே அதற்காகத்தான்.

அவளைத் தண்டிக்காதே. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

உன் தங்கை


மார்ச் 16

தங்கைக்கு,

அப்பாவையும் என்னையும் ஒரே தட்டில் வைக்காதே. நான் மேலே படிக்கக் கேட்டபோது, "மூத்தவன் வேலைக்குப் போ" என்று ஒரே வாக்கியத்தில் முடித்தவர் அவர். உனக்கு மட்டும் எல்லாக் கதவும் திறந்தது. நான் என் மகள்மேல் கை ஓங்கியதில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தே கற்கிறார்கள், கற்றது தெரியாமலே செய்கிறார்கள் என்று வருடாவருடம் வகுப்பில் சொல்கிறவனுக்கு நீ அதையே பாடம் நடத்துகிறாய்.

நேற்று அந்தப் பாடத்தைத்தான் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி, தலைவலி என்று வெளியே வந்துவிட்டேன். ஆசிரியர் அறையில் உட்கார முடியவில்லை. நூலகத்திலும் முடியவில்லை. பேருந்தில் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்தேன்; எங்கள் தெருவைத் தாண்டியும் நடந்தேன். பிறகு திரும்பி வந்தேன்.

சாப்பிடும்போது மகளிடம் கேட்டேன்: "நான் வீட்டுக்கு வந்தா உனக்குப் பயமா இருக்கா?"

"அப்படியெல்லாம் இல்லப்பா" என்றாள்.

அதற்கு முன்னால் அவள் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டு நடித்தேன் என்கிறாய். எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை. கோடு போட்ட நீலச் சட்டையா?

அண்ணன்


மார்ச் 22

அண்ணா,

கோடு போட்ட நீலம்தான்.

அப்பாவும் நம்மேல் கை ஓங்கியதில்லை. யோசித்துப் பார். குரலை உயர்த்தியதுகூட இல்லை. அடித்திருந்தால் நாம் அவரோடு சண்டையாவது போட்டிருக்கலாம்.

அச்சகத்தில் மாதக் கடைசிவரை பொறுப்பார்கள். நீ எடு என்றால் எடுத்துவிடுகிறேன், மறுபேச்சுப் பேசமாட்டேன். அந்த இடத்துக்கு வேறு ஏதாவது கிடைக்கும். மின்தூக்கிக்குள் எல்லோரும் கதவைப் பார்த்தே நிற்பதைப் பற்றி எழுதினால் போயிற்று. அவளை மட்டும் அனுப்பு. நேற்று பேசினாள். நீ வேண்டாம் என்றதைச் சொன்னாள். அழவில்லை, உன்னைக் குறை சொல்லவும் இல்லை. "பரவாயில்ல அத்தை" என்றாள். பதினேழு வயதில் அவ்வளவு சீக்கிரம் பரவாயில்லை சொல்லக் கூடாது, அண்ணா.

உன் தங்கை


மார்ச் 28

அன்புள்ள தங்கைக்கு,

எடுக்க வேண்டாம். இருக்கட்டும். ஆனால் எண்பத்தாறாம் பக்கத்தில் நெறிக்கும் பழக்கத்துக்கும் நீ சொல்லும் வேறுபாடு தவறு. முதல் வருட மாணவனே சிரிப்பான். திருத்து. நன்றி சொல்லும் இடத்தில் இப்போது என்னைச் சேர்க்காதே. கேட்டு வாங்கியது போலிருக்கும்.

நீ அத்தை வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்று மகளிடம் சொன்னேன். "சரிப்பா" என்றுவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அறைக்குள் அவளும் அவள் அம்மாவும் பேசுவது கேட்டது. விடாமல் பேசினார்கள். நடுவில் ஒரு சிரிப்பு. நான் கூடத்தில் செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தைத் திருப்பவில்லை. தாள் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவார்களோ என்று.

ஜூன் முதல் வாரம் வருவாள். குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே, தொண்டை கட்டிக்கொள்ளும். காலையில் சீக்கிரம் எழுப்பினால் சிடுசிடுப்பாள். இதெல்லாம் அவள் அம்மா சொல்லி எழுதுகிறேன். நன்றாகப் பேசுவாளாம். தொடங்கினால் நிறுத்தவே மாட்டாளாம்.

என்ன பேசுகிறாள் என்று எனக்கு எழுது. என்னைப் பற்றிச் சொல்வது வேண்டாம். மற்றதை எழுது.

அண்ணன்