வட்டப் பாலமும் உன் அப்பாவின் நடையும்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, சின்னக்குட்டி மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பிலேயே எழுதுகிறேன். இங்கே நான் சுகம், உன் அப்பா போன மாதத்துக்கு இந்த மாதம் சுகம், நம் வீட்டுக்கு எதிரே இருக்கிற வட்டப் பாலத்துக்குத்தான் உடம்பு சரியில்லை. நாற்பது வருஷத்துக் கிழம், தூணெல்லாம் வெடிப்பு, மழை பெய்தால் மேலே ஓடும் தண்ணீர் கீழே போகிறவன் தலையில் கொட்டுகிறது. அதை இடித்துவிட்டுச் சாலைகளை மாற்றி அமைக்கத் திட்டம் போடுகிறார்கள், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே புகுந்து, பேசாம ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கம்மா என்று ஆரம்பித்துவிடுவாய், கடிதத்தில் உன்னால் வாயைத் திறக்க முடியாது பார்.

முதலில் போட்ட திட்டப்படத்தை நம் குடியிருப்பு வாசலில் ஒட்டினார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துத் தேடுகிறேன், நம் பக்கத்திலிருந்து சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிசியோதெரபி நிலையத்துக்குப் போக வழியே இல்லை. பாலம் இருந்த இடத்தில் நெடுகச் சுவர் எழுப்பி மூடுகிறார்களாம், பழைய சுரங்கப்பாதை மட்டும் இருக்குமாம். அதற்கு இறங்க நாற்பத்திரண்டு படி, ஏற நாற்பத்திரண்டு படி. பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷமாக இடது காலை இழுத்து இழுத்து நடக்கிற மனுஷன் எங்கே இறங்கி எங்கே ஏறுவது, நீயே சொல். வாரத்துக்கு மூன்று நாள் அங்கே போய்த்தான் அவர் படுக்கையை விட்டு எழுந்தார், அது நின்றால் மறுபடியும் படுக்கை, இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு உன்னிடம் வரவேண்டியதுதான்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டுக் கருத்துச் சொல்லக் கூப்பிட்டார்கள், நான் சண்டை போடத்தான் போனேன். திட்டம் போடுகிற இன்ஜினியர் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், நான் கத்தக் கத்தப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்தப் பக்கமா யாருமே நடக்கிறதில்லம்மா, சுரங்கப்பாதையில ரெண்டு நாள் கேமரா வெச்சு எண்ணினோம், பதினோரு பேர்தான் என்றாள். பாலத்தடிக் கம்பி வேலியையும் போய்ப் பார்த்தார்களாம், ஓர் இடத்திலும் உடைப்பே இல்லையாம். எனக்குச் சுருக்கென்றது. இது நீ அங்கே போன பிறகு நடந்த கதை, அந்த வேலியில் ஒட்டு விட்டுப்போன இரண்டு கம்பிகளைப் பாலத்தடி டயர் கடைக்காரர் கண்டுபிடித்தார், தூக்கினால் கையோடு வந்துவிடும், எட்டு வருஷமாக ஊரே அந்த வழியாகத்தான் போய்வருகிறது. முதலில் எல்லோரும் கம்பியைக் கீழே போட்டுவிட்டுப் போவார்கள், நான்தான் என் தையல் கடை ஜன்னலிலிருந்து தொண்டை கிழிய, எடுத்ததை எடுத்த இடத்துல வைங்க, உங்க வீட்டுக் கதவை இப்படித் திறந்து போட்டுட்டுப் போவீங்களா என்று திட்டித் திட்டிப் பழக்கிவைத்தேன். போதாக்குறைக்குக் கையில் நோட்டோடு அதிகாரிகள் வந்த அன்று நம் ஆட்கள் நல்ல பிள்ளைகளாகத் திரும்பிப் போய்விட்டார்கள். வந்தவர்கள் கண்ணுக்கு வேலி முழுசு, ஆள் யாரும் இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது உன் அம்மாதான்.

எழுந்து உண்மையைச் சொன்னால் அரசாங்கச் சொத்தில் கை வைத்த குற்றம், சொல்லாவிட்டால் வழி போச்சு. டயர் கடைக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டுகிறார். நான் எழுந்தேன், இந்த வாய் என்றைக்கு அடங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, வழக்குப் போடறதா இருந்தா என் மேலயே போடுங்க என்றேன். அந்தப் பெண் பேனாவை மூடிவைத்துவிட்டு, நாளைக்குக் காலைல அந்தக் கம்பியை எனக்குக் காட்டுறீங்களா என்று கேட்டாள்.

சொன்னபடி வந்தாள். மூன்று நாள் என் கடை முக்காலியில் உட்கார்ந்து எண்ணினாள், நர்ஸுகள், பள்ளிப் பிள்ளைகள், குழந்தை வண்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போகிற தகப்பன் என்று ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேர். அவளுடைய மேலதிகாரி திட்டத்தை மாற்ற முடியாது என்று ஒரே பிடிவாதமாம், இவள் எண்ணிய தாளை அவர் மேஜையில் விரித்துவைத்துவிட்டு நகரவே இல்லையாம். இப்போது சுவர் கிடையாது, தரையோடு நடக்கச் சிக்னல் வைத்த வழி வருகிறது, இருபுறமும் சரிவுப் பாதை. யாரோ பெற்ற பிள்ளை, நல்லா இருக்கட்டும். டயர் கடைக்காரரையும் சொல்லவேண்டும், இத்தனை நாளும் அப்பா கடக்கும்போதெல்லாம் சிவப்புத் துணியோடு சாலை நடுவில் நின்று வண்டிகளை நிறுத்துகிறவர் அவர்தான். அப்பா விழுந்த அன்று நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து இருபது நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தாயே, அதையும் நான் மறக்கவில்லை.

முந்தாநாள் அந்தப் பெண் மறுபடியும் வந்தாள். நம் வண்டி நிறுத்துமிடத்தில் சாலையின் அகலத்துக்குச் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, அப்பாவை நடக்கச் சொன்னாள். வழக்கமாக அந்த அகலத்துக்குப் பதினாறு வினாடிதான் பச்சை விளக்காம். அப்பா பாதியில் நின்று மூச்சு வாங்கினார், நான் கையைப் பிடிக்க ஓடினேன், விடுங்கம்மா, அவர் நடையிலேயே நடக்கட்டும் என்று தடுத்துவிட்டாள். முப்பத்தெட்டு வினாடி. அவள் நோட்டில் நாற்பது என்று எழுதினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது கண்ணு, இந்த மனுஷனின் காலுக்காக இவ்வளவு பெரிய ஊரின் வண்டிகளெல்லாம் நிற்கப்போகின்றன. ஆகையால் எங்களுக்காகப் பெரிய வீடு பார்ப்பதை நிறுத்து, கோபித்துக்கொள்ளாதே.

உன் அப்பாவுக்கு மட்டும் இதில் திருப்தி இல்லை. இருபத்தாறு வருஷம் அந்தப் பாலத்தைச் சுற்றிப் பஸ் ஓட்டியவர் ஆயிற்றே, சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாதவர் அன்றைக்கு வாயைத் திறந்து, நாப்பது செகண்டு நிறுத்தினா பின்னால பஸ்ஸெல்லாம் லேட்டாகும்மா என்றார். நேற்றுக் காலையிலிருந்து அந்தக் கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கிறார், இன்றைக்கு முப்பத்தாறு. வேலை முடிய இரண்டு வருஷம் ஆகுமாம், அதற்குள் முப்பதுக்குக் கொண்டுவந்து அந்தப் பெண்ணிடம் பத்து வினாடியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாராம்.

நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் வாழவேண்டும். அப்பாவுக்கு வழுக்காத செருப்பு ஒரு ஜோடி சீக்கிரம் அனுப்பு, இடது கால் வீக்கம் என்பதால் ஒரு அளவு பெரிதாகவே பார், மறந்துவிடாதே. கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி வெளியிலிருந்து கூப்பிடுகிறார், போகிறேன்.

உன் அம்மா