நெற்றியில் போன வெள்ளிக் காசு

என்னங்க,

உயிரோடு இருந்தவரை இப்படித்தான் கூப்பிட்டேன். செத்துப் போனதற்காகவெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். எங்கே இருந்தாலும் கொஞ்சம் காதைக் கொடுங்கள். உங்கள் காசு டப்பாவில் ஒரு குழி காலியாக இருக்கிறது.

தெரணியகலைப் பக்கத்துத் தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டுகிற மனுசனுக்கு வெள்ளிக் காசு சேர்க்கிற ஆசை எங்கிருந்துதான் வந்ததோ! அதுவும் ஒவ்வொரு தேசமும் தன் சுதந்திரத்தைக் கொண்டாட அடித்த காசுதான் வேண்டும் உங்களுக்கு. கப்பலேறி இந்தியா போன உங்கள் அண்ணன் அங்கத்து இருபத்தைந்தாம் ஆண்டுக் காசைக் கொண்டுவந்து தந்தார். இலங்கையின் ஐம்பதாம் ஆண்டுக் காசைக் கேகாலைக் கடிகாரக் கடையில் மணிக்கூடு திருத்தும் முஸ்லிம் நானா தேடித் தந்தார். மற்றதெல்லாம் என் வாயில் நுழையாத தேசங்கள்.

"தோட்டத்து ஆளுக இந்தியாக்காரங்கன்னு தள்ளி வச்சு, ரெண்டு புள்ள பொறந்த பொறகுதான் உங்களுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமையே கெடைச்சிச்சு. உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று கேட்டேனே, ஞாபகம் இருக்கா? "சுதந்திரம்னா எப்படி இருக்கும்னு தொட்டுப் பாக்குறேன் புள்ள" என்று சிரித்தீர்கள். அது விளையாட்டா, நிஜமா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு பொங்கலுக்குக் குத்துவிளக்கோடு சேர்த்து அந்த இலங்கைக் காசையும் புளி போட்டுத் தேய்த்தேன். ஐயோ, அன்றைக்கு நீங்கள் ஆடிய ஆட்டம்! "பழைய காச தேய்க்கக் கூடாதுடி, கறுப்போடதான் வச்சிருக்கணும்" என்று சோறு தின்னாமல் படுத்தீர்கள். இப்போதும் சொல்கிறேன், அழுக்கைத் தேய்த்தது தப்பே இல்லை.

உங்களைக் குளிப்பாட்டிக் கிடத்தி, நெற்றியில் சந்தனம் வைத்ததும் "காசு எங்க, காசு எங்க" என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். நம் மகள் செல்வி அழுத கண்ணோடு உள்ளே ஓடினாள். கட்டிலுக்கடியில் இருந்த டப்பாவைத் திறந்து, பளிச்சென்று தெரிந்த காசை எடுத்துவந்து உங்கள் நெற்றியில் ஒட்டினாள். நான் இருந்த இருப்பில் அதை எங்கே கவனித்தேன்? அப்படியே புதைத்துவிட்டோம்.

போன வாரம் டப்பாவைத் திறந்தபோதுதான், உங்களோடு போனது அந்த இலங்கைக் காசு என்று தெரிந்தது. "அப்பா ஆசையா சேத்தத நானே கெடுத்துட்டேனேம்மா" என்று செல்வி ஒரே அழுகை. அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அதே காசு இன்னொன்று கிடைக்குமா என்று கேட்க, அவளைக் கூட்டிக்கொண்டு கேகாலை நானாவிடம் போனேன். கதையைக் கேட்டவர் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து அதே மாதிரி ஒரு காசை எடுத்து நீட்டினார். "தங்கச்சி, இத சும்மா கொண்டு போய் அந்த எடத்துல வைங்க. மனுசன்ட ஆச முழுசா ஈக்கட்டும்."

வாங்கிப் பார்த்தேன். அது கறுத்துப்போய் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தேய்த்துப் பளபளக்க வைத்ததால்தானே அந்தக் காசு செல்வி கண்ணில் பட்டது! பிறந்தபோது எந்த நாட்டுக்காரன் என்று எழுத வழியில்லாத மனுசன் நீங்கள். போகும்போது இந்த நாட்டுச் சுதந்திரத்தையே நெற்றியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறீர்களே! எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"வேணாம் நானா" என்று திருப்பிக் கொடுத்தேன். "நீ ஒன்னும் கெடுக்கலடி, சரியாத்தான் எடுத்துக் குடுத்திருக்க" என்றேன் செல்வியிடம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் பரோட்டா வாங்கித் தின்றாள்.

ஆமாம், அந்தக் காசு இப்போது மண்ணுக்குள் கறுத்திருக்குமா? அப்படியென்றால் உங்களுக்குச் சந்தோஷம்தானே?

ஒன்று மட்டும் சத்தியம். அந்தக் குழியில் வேறு காசை வைக்க யாரையும் விடமாட்டேன். இதில் இருந்தது எங்கே என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், "தாத்தா கையோட கொண்டு போயிட்டாரு, அது அவரோடது" என்று சொல்லுவேன்.

இன்னும் உங்கள் பெயரைச் சொல்லாத,
உங்க வீட்டுக்காரி