செவ்வாய்க்குப் போகிற பெட்டியும் நம் கிணற்றுத் தண்ணீரும்

ஆம்பூர்,
15-11-1986

என் அம்சவேணிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை, உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் மூன்று நாளாகக் கொதிக்கிறது. அமெரிக்காவில் இப்போது பனி கொட்டும் என்று ஃபரீதா டீச்சர் சொன்னார், காதைக் கட்டிக்கொண்டு வெளியே போ. உன் கடிதம் வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது. அன்று காலையில்தான் கிணற்று விஷயமாக வேலூரிலிருந்து ஒரு தாள் வந்திருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்ததில் யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை, அதனால் எல்லார் மேலும் கோபமாக இருக்கிறேன், உன் மேலும்தான்.

முதலில் கிணற்றைச் சொல்கிறேன். தோல் பதனிடும் மேட்டு டேனரியின் கழிவு நம் கிணற்றில் இறங்கி மூன்று வருஷம் ஆகிறது, உனக்குத் தெரியும். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தென்னையில் குரும்பையெல்லாம் கொட்டிப்போகிறது. குடிக்கிற தண்ணீரை அப்பா ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடிபம்பில் பிடித்து, சைக்கிளில் இரண்டு குடம் கட்டிக்கொண்டு வருகிறார், இந்த வயதில். பதினோரு மனு போட்ட பிறகு புரட்டாசியில் தண்ணீரைப் பரிசோதிக்க ஒரு ஆபீசர் வந்தார். நல்ல வெயில், ஜீப்பிலிருந்து இறங்கி விசிறிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். வீட்டுக்கு வந்த மனுஷருக்கு அந்தக் கசப்புத் தண்ணீரையா கொடுப்பது என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அடிபம்புத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். "தண்ணி நல்லாத்தானேம்மா இருக்குது, இன்னாத்துக்கு இத்தினி மனு" என்றார். அப்பா பதறிப்போய், அது கேட்டாண்டயிருந்து கொண்டாந்த தண்ணிங்க, கிணறு பின்னால கீதுங்க என்றார். "எல்லாம் ஒரே பூமித் தண்ணிதான், பேஜார் பண்ணாதீங்க" என்று சொல்லி நம் குடத்திலிருந்தே பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஜீப் ஏறிவிட்டார். கிணறு முருங்கை மரத்தைத் தாண்டினால் நாற்பது அடி. அந்த நாற்பது அடி நடக்க அவருக்குக் கால் வரவில்லை.

இப்போது தாள் வந்துவிட்டது. கிணற்று நீர் குடிக்கத் தக்கது, புகார் முடிக்கப்பட்டது, ஒப்புக்கொண்டு கையெழுத்திடவும் என்று போட்டிருக்கிறது. மனு என் பெயரில் இருப்பதால் கையெழுத்தும் நான்தான் போட வேண்டுமாம். கொண்டு வந்தவன் ஆபீஸ் பியூன் காசி. இந்தத் தடவை வெட்கப்படவில்லை, கிணற்றுத் தண்ணீரையே அதே சொம்பில் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டு, "இன்னாம்மா இது, வாய்ல வைக்க முடியல" என்றான். இதைத்தான் குடிக்கத் தக்கது என்று உன் தாள் சொல்கிறது, நீ துப்பினதையும் ஓரமாக எழுதிக் கொடு என்றேன். "நான் தபால் கொண்டார்ற ஆளும்மா, என்னை வுட்டுடு" என்று கும்பிட்டான். பாவம், அவன் என்ன செய்வான். திங்கட்கிழமை திரும்பி வருகிறேன், அதற்குள் கையெழுத்துப் போட்டு வை என்று சொல்லிப் போனான். அப்பாவோ, "போட்டுத் தொலை கமலா, அவங்களோட நமக்கு இன்னா சண்டை" என்கிறார். அவருக்குச் சைக்கிள் மிதித்தே அலுத்துப்போய்விட்டது.

இந்த ஆத்திரத்தில்தான் உன் கடிதத்தைப் பிரித்தேன். பெரிய விண்கலத்துக்குப் பணம் இல்லை, கம்மிச் செலவில் கட்டில் அளவுக்கு ஒன்று செய்து செவ்வாய்க்கு அனுப்பத் திட்டம் போடுகிறோம், பழைய கலங்களுக்குச் செய்து மிஞ்சின சாமானையே எடுத்துக் கோக்கிறோம் என்று போன மாதம் நீ எழுதினபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. ஃபரீதா டீச்சருக்குப் படித்துக் காட்டினேன். செவ்வாய் தோஷம் என்று உன் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களை நினைத்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது என்ன எழுதியிருக்கிறாய்? எடை ஒன்றரைக் கிலோ ஜாஸ்தியாம், அதனால் அங்கே மண்ணில் ஈரமும் உப்பும் இருக்கிறதா என்று பார்க்கிற உன் பெட்டியைக் கழற்றிவிட்டு காமிராவை மட்டும் அனுப்பப் போகிறார்களாம், பெட்டி அவசியமில்லை என்று நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம், நீயும் போட்டுவிடலாம் என்று இருக்கிறாயாம். ஏனடி? பத்து மாதம் பறந்து போய் இறங்கிவிட்டு, தண்ணீர் இருந்ததா என்று மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் படம் மட்டும் பிடிக்கவா அவ்வளவு தூரம்? எங்கள் ஆபீசர் ஜீப்பில் வந்தார், உங்கள் ஆட்கள் ராக்கெட்டில் போகிறார்கள், வேறு என்ன வித்தியாசம்? சிக்கனத்தில் ஒரு கேவலமும் இல்லை, நானும் சிக்கனமாகத்தான் குடும்பம் நடத்துகிறேன். ஆனால் எதற்காகப் போகிறோமோ அதையே விட்டுவிட்டுப் போவது சிக்கனமா? நாலு வருஷம் கண் கெட உட்கார்ந்து செய்த பெட்டி அது. வேண்டாம் என்றால் அவர்கள் வாயால், அவர்கள் பெயரைப் போட்டுச் சொல்லட்டும்.

புதிதாக வந்தவள், வேறு தேசம், எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடும் என்று பயமாக இருக்கிறது என்று கடைசியில் எழுதியிருக்கிறாயே, அதைப் படித்து அழுதுவிட்டேன். அந்தப் பயம் என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது. அன்றைக்கு அப்பாவாவது வாயைத் திறந்தார். நான் ஆபீசர் என்று பயந்து, சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

ஃபரீதா டீச்சரின் தம்பி தோல் வியாபார விஷயமாக அடுத்த மாதம் அங்கே வருகிறார். எலுமிச்சை ஊறுகாயும், மூடிக்கு அரக்கு வைத்து ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரும் கொடுத்தனுப்புகிறேன். அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று உன் கையால் பார்த்து எழுது, இங்கே அது செல்லுபடியாகுமோ ஆகாதோ, எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. கெங்கையம்மன் உன் கூடவே இருந்து உனக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வாள். ஒன்றை மட்டும் மறக்காதே. நாளை மறுநாள் காசி வரும்போது நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆகும், அதற்குள் அவசரப்பட்டு நீ போட்டிருந்தால், போய் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி உன் பெயரை அடித்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் அம்மா
லோ. கமலவேணி